கிணற்று நீரும் கீரைக் கடைசலும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் செல்லும் சாலையை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. கொல்லையில் நின்றால் மேற்கே கல்வராயன் மலை நீண்டு படுத்திருப்பது தெரியும். மழைக்காலத்தில் மேகம் அதன் தலையில் முண்டாசு கட்டினாற்போல் நிற்கும். மலைக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையே கரும்பு, மரவள்ளி, நெல், மக்காச்சோளம் என்று பயிர்கள். அவற்றின் நடுவே எங்கள் முன்னோர் வெட்டிய கிணறு. அந்தக் கிணற்றைப் பற்றி எங்கள் குடும்பத்தாருக்கு ஒரு கர்வம் உண்டு. "நம் தண்ணீரில் பருப்பு ஒரே கொதியில் மலரும்" என்று விருந்தினரிடம் சொல்லாமல் எங்கள் வீட்டுப் பெரியவர் சோற்றில் கை வைத்ததில்லை. பெரியவர் என்றது, எங்களில் ஒருவருக்குத் தந்தையும் மற்றவருக்கு மாமனாருமானவரை. அந்தக் கர்வத்திற்கு நேர்ந்ததைத்தான் இங்கே எழுத முற்படுகிறோம். அதை எழுதப் புகுந்தால் கீரையையும் எலுமிச்சையையும் விட்டுவிட முடியாது.

எங்கள் மகள் தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் வாரத்தில் மகளுக்கு மார்பில் பால் கட்டிக் கடுங்காய்ச்சல் கண்டது. அவள் தேறும் வரையில் குழந்தைக்குப் பால்மாவு கரைத்துக் கொடுக்கும்படி மருத்துவர் சொன்னார். கரைப்பதற்கு நீர் எங்கிருந்து? நம் கிணறு இருக்கிறதே! பச்சிளங் குழந்தையாயிற்றே என்று அந்த நீரை வெறுமனே கொதிக்க வைப்பதோடு நாங்கள் நிற்கவில்லை. தளதளவென்று நெடுநேரம் கொதிக்கவிட்டு, பாத்திரத்தில் முக்கால் பங்காகச் சுண்டிய பின்பே இறக்கினோம். எவ்வளவு கொதித்தால் அவ்வளவு நல்லது என்பது எங்கள் எண்ணம்.

ஒரு நாள் குழந்தையைப் பார்க்க வந்த கிராம சுகாதாரச் செவிலியர், எந்த நீரில் பால் கரைக்கிறீர்கள் என்று கேட்டார். நாங்கள் பெருமிதத்துடன் கிணற்றையும் காட்டி, சுண்டக் காய்ச்சும் கதையையும் சொன்னோம். அவர் கிணற்றைச் சுற்றி ஒரு முறை நடந்தார். ஒருபுறம் கரும்புத் தோட்டம், மறுபுறம் மாட்டுத் தொழுவமும் எருக்குழியும். பிறகு அவர் கேட்டது இன்னும் எங்கள் காதில் நிற்கிறது: "கொதிக்க வைத்தால் கிருமி போகும் அம்மா, உப்பு போகுமா?"

அன்று மாலையே குழந்தைக்கு வேறு நீர் கொணரச் செய்தார். எங்கள் கிணற்று நீரை ஒரு குப்பியில் அடைத்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் சோதனைக் கூடத்திற்கு அனுப்பினோம். விடைத்தாள் வந்தபோது ஏனைய இனங்களெல்லாம் ஒழுங்காயிருந்தன. ஒன்றில் மட்டும் எண், வரம்பைத் தாண்டி நன்றாகவே மேலே நின்றது. அந்த ஒன்று நைட்ரேட். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்திய தர நிர்ணய அமைவனத்தின் வரம்பு. இதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. பருப்பு மலர்வதற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நாங்கள் செய்த பெருந்தவறோ இது: 45 இருக்கும் நீரை முக்கால் பங்காகச் சுண்டவைத்தால் அது 60 ஆகிவிடும். அன்பின் மிகுதியால் நஞ்சைத் திரட்டிக் கொடுத்திருக்கிறோம்.

கர்த்தர் கிருபையால் குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. ஆயினும் அதன் பின் பல நாள், விளக்கு வெளிச்சத்தில் அதன் உதட்டையும் நகக்கண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏன் உதட்டையும் நகத்தையும் என்றால், இந்நோய்க்கு மேல்நாட்டார் இட்ட பெயரே 'நீலக் குழந்தை நோய்'. 1945-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் காம்லி என்னும் மருத்துவர், பண்ணை வீட்டுக் கிணற்று நீரில் பால் கரைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் நீலம் பாரித்ததைக் கண்டு, காரணம் அந்நீரிலிருந்த நைட்ரேட்டே என்று எழுதினார். நைட்ரேட் தானாகத் தீங்கு செய்வது அரிது. நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட் ஆக மாற்றுகின்றன. நைட்ரைட் இரத்தத்தில் புகுந்து, உயிர்க்காற்றைச் சுமக்கும் ஹீமோகுளோபினிலுள்ள இரும்பின் தன்மையை மாற்றிவிடுகிறது. அதன் பின் அந்த இரத்தம் ஓடும், ஆனால் சுமக்காது. பெரியவர்களின் இரத்த அணுக்களில் இதைச் சரிசெய்யும் நொதி போதுமான அளவு உண்டு. பிறந்து சில திங்களே ஆன குழந்தைக்கு அது குறைவு. அதன் இரைப்பையில் அமிலமும் குறைவாதலால் நுண்ணுயிர்கள் அங்கே எளிதில் பெருகும். வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் ஆபத்து மிகும். மேலும் உடல் எடையோடு ஒப்பிட்டால் புட்டிப்பால் குடிக்கும் குழந்தை அருந்தும் நீர், நாம் அருந்துவதைப் போல் ஐந்து மடங்கு வரை இருக்கும்.

இது எங்கள் ஒரு கிணற்றின் கதையன்று. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட அறிக்கையின்படி, தமிழகத்தில் எடுத்த மாதிரிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 இந்த வரம்பைத் தாண்டியிருந்தன. நாடெங்கும் நைட்ரேட் மிகுந்தவையாக அது சுட்டிய பதினைந்து மாவட்டங்களில் தமிழகத்திலிருந்து ஒன்று உண்டு, அது விழுப்புரம். 2019-இல் தனி மாவட்டமாகும் வரையில் கள்ளக்குறிச்சியும் விழுப்புரத்தின் பகுதியே அன்றோ! கரும்புக்கும் நெல்லுக்கும் நாம் அள்ளி இறைக்கும் யூரியாவில் பயிர் உண்டது போக எஞ்சியது மண்ணில் நைட்ரேட்டாக மாறி, மழையோடு இறங்கி, ஊற்றில் கலக்கிறது. எருக்குழியும் கழிவுநீர்த் தொட்டியும் தம் பங்கைச் சேர்க்கின்றன. எங்கள் யூரியாவை நாங்களேதான் இறைத்தோம். பிறரைக் குறை சொல்ல வழியில்லை.

இத்துடன் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை. அச்சம் கிணற்றோடு நிற்கவில்லை, அடுக்களைக்குள்ளும் வந்துவிட்டது. மகள் எங்கோ படித்து வந்து, "கீரையிலும் அதே நைட்ரேட் இருக்கிறதாம் அம்மா, வயிற்றில் போய்ப் புற்றுநோய் விளைக்கும் பொருளாக மாறுகிறதாம்" என்றாள். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை விழுங்கிவரும் பெரியவர் அன்றிலிருந்து கீரையைத் தொடவில்லை. கீரைச் சட்டியும் மத்துமாக அறுபது ஆண்டுகளைக் கழித்த அவருடைய துணைவியார், எங்கள் பிள்ளைகளுக்கு ஆயா, சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கீரை தின்று செத்தவர் பெயர் ஒன்று சொல்லு கண்ணு, கேட்டுக்கொள்கிறேன்" என்றார். வீட்டில் மூன்று நாள் பேச்சு குறைந்தது.

மகள் சொன்னதில் பிழையில்லை என்பதுதான் எங்களைக் கலங்கச் செய்தது. நைட்ரேட் மிகுந்த கீரை, முள்ளங்கி, பீட்ரூட் ஆகியவற்றில் 100 கிராமுக்கு 250 மில்லிகிராமுக்கு மேலும் இருப்பதுண்டு. வரம்புக்கு உட்பட்ட கிணற்று நீரை இரண்டு லிட்டர் குடித்தாலும் 90 மில்லிகிராமே சேரும். அப்படியானால் ஒரு கரண்டிக் கீரை, அந்த இரண்டு லிட்டர் நீரைவிடக் கொடியது என்றாக வேண்டும். ஆனால் கீரையும் காய்கறியும் மிகுதியாக உண்போரே நோயின்றி வாழ்கின்றனர் என்பதும் நாடுதோறும் கண்ட உண்மை. கணக்கு ஒன்று சொல்கிறது, வாழ்க்கை வேறொன்று சொல்கிறது. இடையில் எதுவோ இருக்க வேண்டும். அதைத் தேடிப் படித்தோம். அறிந்த மருத்துவர் ஒருவரையும் கேட்டோம்.

நாம் உண்ட நைட்ரேட் குடலில் இறங்கி இரத்தத்தில் கலக்கிறது. அதில் ஏறத்தாழக் கால் பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் இழுத்து மீண்டும் வாய்க்கே அனுப்புகின்றன. நாவின் பின்புறத்தில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதில் ஐந்தில் ஒரு பங்கை நைட்ரைட் ஆக்குகின்றன. ஆக, உண்டதில் நூற்றுக்கு ஐந்து போல நைட்ரைட்டாகி, உமிழ்நீரோடு நாம் விழுங்க, இரைப்பையின் அமிலத்தில் போய் விழுகிறது. உடல் ஒரு பொருளைக் கழித்துவிடாமல் இத்தனை சிரமப்பட்டு வாய்க்குத் திருப்பியனுப்புகிறதென்றால் ஏதேனும் பயன் இல்லாமலா இருக்கும் என்ற வியப்பு எங்களுக்கு இங்கேதான் எழுந்தது.

இரைப்பையில் அந்த நைட்ரைட்டின் முன் இரு வழிகள் பிரிகின்றன. இறைச்சி, மீன் போன்ற புரத உணவிலிருந்து வரும் அமீன் என்னும் பொருள்களோடு அது கூடினால் நைட்ரோசமீன் பிறக்கிறது. இவ்வினத்தைச் சேர்ந்த ஒன்று எலிகளின் ஈரலில் புற்று விளைப்பதை 1956-இல் இங்கிலாந்தின் மகீ, பார்ன்ஸ் என்னும் இருவர் காட்டினர். மகள் படித்தது இந்த வழியை. மற்றொரு வழியின் வாயிலில் நிற்பது 'சி' வைட்டமின். அமீன் வந்து சேருமுன்னரே அது நைட்ரைட்டைப் பற்றிக்கொண்டு நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவாக மாற்றிவிடுகிறது. நைட்ரைட்டும் அமீனும் இருக்கும் கலவையில் 'சி' வைட்டமினைச் சேர்த்தால் நைட்ரோசமீன் உண்டாவது தடைப்படுகிறது என்பதை 1972-இல் மிர்விஷ் என்பாரும் அவருடைய தோழர்களும் அமெரிக்காவில் நிறுவினர். அதன் பயனாக 1978-இல் அந்நாட்டு அரசு, உப்பிட்ட பன்றி இறைச்சியில் நைட்ரைட் பத்து லட்சத்தில் 120 பங்கு சேர்க்கப்பட்டால் 'சி' வைட்டமின் இனப்பொருள் 550 பங்கு உடன் சேர்க்கப்பட வேண்டும் என்று விதித்தது. ஒன்றுக்கு நாலரை பங்கு காவல்!

வாயு என்றதும் வயிற்றுப் பொருமலை நினைக்க வேண்டா. இந்த நைட்ரிக் ஆக்சைடு இரத்தக் குழாய்களை நெகிழச் செய்யும் செய்தியாளன். அதைக் கண்டறிந்த பர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவர் 1998-இல் நோபல் பரிசு பெற்றனர். இரைப்பையிலேயே அது பெருமளவில் உண்டாவதை 1994-இல் ஸ்வீடனிலும் பிரிட்டனிலும் தனித்தனியே கண்டனர். அங்கே அது தீய கிருமிகளை அடக்கவும், இரைப்பையின் உட்சுவருக்கு இரத்தம் நன்கு பாயவும் துணை செய்கிறது.

இப்போது புதிர் அவிழ்கிறதல்லவா? கீரை நைட்ரேட்டை மட்டும் கொண்டு வரவில்லை. கூடவே 'சி' வைட்டமினையும் கொண்டுவருகிறது. மருந்தும் பத்தியமும் ஒரே இலையில் இருக்கின்றன. கிணற்று நீர் தனியே வருகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2010-இல் வெளியிட்ட நூலிலும், உண்ட நைட்ரேட்டும் நைட்ரைட்டும் உடலுக்குள் நைட்ரோசமீன் முதலியன உண்டாகும் சூழ்நிலையில் புற்று விளைக்கக்கூடும் என்றே சொல்லப்பட்டிருக்கிறது. சூழ்நிலையில் என்ற அந்தச் சொல்தான் முக்கியம்.

பெரியவரை மீண்டும் கீரைக்கு அழைத்து வந்தது ஓர் ஆராய்ச்சி. 2008-இல் இலண்டனில் சிலருக்கு அரை லிட்டர் பீட்ரூட் சாறு கொடுத்தனர். மூன்று மணி நேரத்திற்குள் இரத்த அழுத்தத்தின் மேல் எண் ஏறத்தாழ 10 புள்ளிகள் இறங்கியது. பிறகு அதே சாற்றைக் கொடுத்து, உமிழ்நீரை விழுங்காமல் துப்பிக்கொண்டேயிருக்கச் செய்தனர். அழுத்தம் இறங்கவில்லை! கிருமிகொல்லி நீரால் நாள்தோறும் வாய் கொப்பளித்து நாவின் நுண்ணுயிர்களை அழித்தாலும் அழுத்தம் இரண்டு மூன்று புள்ளிகள் உயரக் காண்கின்றனர். இதை வாசித்துக் காட்டியபோது பெரியவர், வெற்றிலை எச்சிலைத் துப்பியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஆயா அவரைப் பார்த்த பார்வையை எழுத்தில் வடிக்க இயலாது. (புகையிலையிலும் அதற்கே உரிய நைட்ரோசமீன்கள் உண்டு; அவை ஐயத்துக்கிடமின்றிப் புற்று விளைப்பவை. அவர் வெற்றிலையிலிருந்து புகையிலையை நீக்கியது அந்த வாரத்தில்தான்.) ஆனால் மாத்திரையை நிறுத்த மருத்துவர் சம்மதிக்கவில்லை, கீரை மாத்திரைக்குத் துணையே தவிர, மாற்று அன்று.

சமையலைப் பற்றி ஆயாவிடம் நாங்கள் கற்றதும் அவரோடு வழக்காடியதும் பல. கீரையை அவர் கையளவு நீரில் விரைவில் வேகவைத்துக் கடைவார். நீரை வடித்துக் கொட்ட மாட்டார். கொட்டினால் நைட்ரேட்டும் குறையும், 'சி'யும் போய்விடும். எலுமிச்சையைச் சட்டி இறங்கிய பின்பே பிழிவார்; கொதிக்கும்போது பிழிந்தால் கசக்கும் என்பது அவர் சொல்லும் காரணம், வெப்பத்தில் 'சி' அழியும் என்பது நூல் சொல்லும் காரணம். "புளி ஊற்றினால் ஆகாதா ஆயா? அதுவும் புளிப்புத்தானே" என்றாள் மகள். ஆகாது. புளியின் புளிப்பு டார்டாரிக் அமிலம். அதில் 'சி' வைட்டமின் மிகச் சொற்பம். புளிப்பு வேறு, 'சி' வேறு. புளிப்பே இல்லாத முருங்கைக் கீரையிலும் அகத்திக் கீரையிலும் அது எலுமிச்சையைவிட மிகுதி. ஒரு கொய்யாப்பழத்தை உணவோடு கடித்தாலும் போதும்.

இரவில் மிஞ்சிய கீரையை மறுநாளுக்கு வைக்கலாகாது என்பது எல்லா வீட்டுப் பாட்டிமாரும் சொல்வது. அதற்கும் காரணம் உண்டு. சமைத்த கீரை வெதுவெதுப்பில் கிடந்தால் நுண்ணுயிர்கள் பெருகி, நைட்ரேட்டைச் சட்டியிலேயே நைட்ரைட் ஆக்கிவிடும். மேல்நாடுகளில் இவ்வாறு வைத்திருந்த பசலைக்கீரை மசியலை ஊட்டப்பெற்றுக் குழந்தைகள் நீலம் பாரித்ததுண்டு.

கருவாட்டில் மட்டும் ஆயாவோடு நாங்கள் இணங்கவில்லை. நமது குடும்பங்களில் வெள்ளிக்கிழமை இறைச்சி ஒறுத்தலென்றால் கருவாடு மணக்காத வீடு ஏது? மீன் காயும்போது அமீன்கள் மிகும். அதை எண்ணெய் மிதக்க வறுத்து, எலுமிச்சை பிழிந்துவிட்டால் தோஷம் நீங்கியதென்று எண்ணுவதற்கில்லை. 2007-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தார் கண்ணாடிக் கலத்தில் இரைப்பைச் சாற்றை ஒத்த ஒன்றை அமைத்து, அதில் பத்தில் ஒரு பங்கு கொழுப்பைச் சேர்த்துப் பார்த்தனர். கொழுப்பில்லாதபோது காவலனாயிருந்த 'சி' வைட்டமின், கொழுப்பு சேர்ந்ததும் நைட்ரோசமீன் பிறக்கவே துணை போயிற்று. உண்டான நைட்ரிக் ஆக்சைடு கொழுப்புக்குள் ஒதுங்கி, அங்கே மீண்டும் வினைபுரிவதே காரணம் என்றனர். கலத்தில் கண்டது வயிற்றிலும் அப்படியே நிகழுமென்று கூறிவிட முடியாது. ஆயினும் கருவாட்டு வறுவலைக் குழம்பாக்கி, மாதம் இரண்டு முறையாகக் குறைத்துக்கொண்டோம். 'சி' வைட்டமின் மாத்திரையை வாரி விழுங்குவதும் எங்களுக்கு உடன்பாடில்லை. அது சிலருக்குச் சிறுநீரகக் கல்லை வளர்க்கும்.

எலுமிச்சை பிழிந்தால் எங்கள் கிணற்று நீரும் நல்லதாகிவிடாதா என்று பெரியவர் ஒரு முறை தயங்கித் தயங்கிக் கேட்டார். நீலம் பாரித்த குழந்தைக்கு 'சி' வைட்டமின் ஓரளவு மருந்தாகும் என்பதும் உண்மைதான். எனினும் அது மெல்ல வேலை செய்வது. பச்சிளங் குழந்தைக்கான நீரில் மாற்று வழியே கிடையாது. அந்த நீரை விலக்கத்தான் வேண்டும். அவர் அதன் பின் பேசவில்லை.

சென்ற மார்கழியில், குழந்தைக்கு ஓர் ஆண்டு நிறைந்த பின், எல்லோருமாகக் கரியாலூர் வழியே வெள்ளிமலைக்குச் சென்றோம். மலைச் சாலையோரத்தில் மலையாளிப் பழங்குடிப் பெண்மணி ஒருவர் சாமையும் கடுக்காயும் காட்டு நெல்லிக்காயும் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். நெல்லிக்காயில் 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் 'சி' வைட்டமின் என்று பழைய உணவு அட்டவணை சொல்லும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் புதிதாக அளந்து வெளியிட்டதில் அது 250 அளவே. அப்படியும் எலுமிச்சை அதன் அருகில் வர முடியாது. ஒரு படி வாங்கினோம். "உப்புத் தொட்டுத் தின்னுங்க, தண்ணி குடிச்சா இனிக்கும்" என்றார் அந்த அம்மையார், நாங்கள் அறியாததைச் சொல்வது போல.

பெரியவர் ஒரு காயை மென்று முடித்தார். குழந்தையும் அவர் கையிலிருந்த துண்டை நக்கி முகத்தைச் சுளித்தது. மகள் கொண்டுவந்திருந்த குப்பி நீரை, இப்போது நாங்கள் விலை கொடுத்து வாங்கும் நீரை, அவருக்கு ஊற்றிக் கொடுத்தாள். அவர் மெல்லக் குடித்தார். குடித்துவிட்டுச் சமவெளிப் பக்கம், கரும்புப் பச்சைக்கு நடுவில் எங்கள் ஊர் இருக்குமிடத்தைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம கிணற்றுத் தண்ணீர் மாதிரியே இனிக்கிறது கண்ணு" என்றார்.